எதிரே வருபவருக்கும் கண் உண்டு

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் இரவில் உழைப்போரைக் கொண்ட வீடுகள் பல. ஊர் உறங்கும் வேளையில் இட்லி மாவு அரைப்போர், விடியுமுன் பூச்சந்தைக்குச் செல்வோர், காய்கறிச் சுமை ஏற்றி வருவோர், வாடகைக் கார் ஓட்டுவோர் என நம்மவர் பலருக்கு நாள் தொடங்குவது நள்ளிரவில்தான். அவ்வீடுகளிலுள்ள தாய்மாரும் மனைவிமாரும் அரைத் தூக்கத்தில் இருப்பர். வாசலில் வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்ட பின்னரே அவர்களுடைய கண்கள் முழுமையாக மூடும். இத்தகைய வீடுகளில் வண்டியின் விளக்கு ஏதோவோர் உதிரிப் பாகமன்று. வீட்டாரின் நிம்மதியோடு பிணைந்த பொருள். ஆகவே அவ்விளக்கைப் பற்றி இத்திங்கள் சில சொற்கள் எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளாக நெடுஞ்சாலைகளில் ஒரு புதுமையைக் காண்கிறோம். பிக்கப் வண்டிகளின் முன் பம்பரிலோ, கூரை மீதோ, ஒரு முழ நீளத்தில் பட்டையான விளக்கொன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதனை இளைஞர் ‘எல்.இ.டி. லைட் பார்’ என்கின்றனர். அலுமினியப் பெட்டிக்குள் சிறு சிறு விளக்குகள் வரிசையாய் அமைந்திருக்க, முன்னே கண்ணாடி போன்ற தடித்த மூடியும், பின்னே வெப்பத்தை வெளியேற்றும் மடிப்பு மடிப்பான தகடுகளும் இருக்கும். எரியும்போது அது இரவைப் பகலாக்குகிறது என்பதில் ஐயமில்லை. யாருடைய இரவை, யாருக்குப் பகலாக்குகிறது என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

இவ்விளக்கின் பிறப்பு வியப்புக்குரியது. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளியை உமிழும் டையோடை அமெரிக்க அறிஞர் நிக் ஹோலன்யாக் 1962-ஆம் ஆண்டில் உருவாக்கினார். சிவப்பும் பச்சையும் கிடைத்தபோதிலும், ஒளிமிக்க நீலம் கிட்டாமையால் வெள்ளை ஒளியைப் பெற இயலாதிருந்தது. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா என்னும் ஜப்பானில் பிறந்த மூவரின் உழைப்பால் 1990-களில் அந்நீல ஒளி கைவந்தது. 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அம்மூவருக்கும் அளிக்கப்பட்டது. நீல ஒளி உமிழும் சிறு சில்லின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சொன்றைப் பூசினால், இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகிறது. நம் வீட்டுக் கூடத்தில் எரிகின்ற விளக்கும், வண்டிகளின் முன்னே எரிகின்ற இப்பட்டை விளக்கும் பெரும்பாலும் இம்முறையில் பிறந்தவையே. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி என்னும் நன்மையைத் தந்த அறிவியலை நாம் வாழ்த்தாமல் இருக்க இயலாது. ஆனால் ஒளி மலிவானவுடன் அதனை அளவின்றி வாரி இறைக்கும் ஆசையும் மனிதனுக்கு வந்துவிட்டது.

நம் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லுதல் பொருந்தும். மும்பைக்கு வடகிழக்கே கல்யாணில் நம் தமக்கையார் வசிக்கிறார். அவருடைய மகன், நமக்கு மருமகன் முறையினன், கடனுதவி பெற்று ஒரு பிக்கப் வண்டி வாங்கிச் சுமை ஏற்றும் தொழில் செய்து வருகிறான். தக்காளி விளையும் நாராயண்காவ் பகுதியில் மாலையில் சுமை ஏற்றி, ஓத்தூர் வழியாக மால்சேஜ் மலைப்பாதையில் இறங்கி, முர்பாட் கடந்து விடியுமுன் கல்யாண் சந்தையில் சேர்ப்பது அவனுடைய வாடிக்கை. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. மழைக்காலத்தில் மால்சேஜ் மலைப்பாதையைப் பகலில் கண்டோர் அதன் அருவிகளைப் புகழ்வர். இரவில் அதே பாதையில் சுமை வண்டி ஓட்டுவோர் அருவியைப் பார்ப்பதில்லை. முகில் சாலையின்மேலேயே வந்து படிந்துவிடும். மலைச்சரிவிலிருந்து கல் உருளும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு, பின்னிரவு மூன்று மணியளவில், பிள்ளை தாயைத் தொலைபேசியில் அழைத்தான். முன்னே எதுவும் தெரியவில்லை என்றும், தடுப்புச்சுவர் எங்கே முடிகிறது என்பதே புலப்படாமையால் அகலமானதோர் இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தியிருப்பதாகவும், முகில் விலகியதும் வருவதாகவும் கூறினான். அவன் செய்தது விவேகமான செயல். ஆனால் தாய் உள்ளம் விவேகத்தால் அமைதி அடைவதில்லையே! அன்று முதல் தமக்கையாருக்கு ஒரே சிந்தனை. அடுத்த மாதம் தாம் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், அதிலிருந்து எடுத்து மகனிடம் கொடுத்து, “எல்லா வண்டியிலும் இருக்கிறதே, அந்தப் பெரிய விளக்கை நீயும் வாங்கிப் போடு” என்றார்.

மகனுக்கும் நெடுநாள் ஆசை. இருபது அங்குல நீளமுள்ள லைட் பார் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். இருப்புப்பாதை மின்பணிமனையில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் நாம் என்பதால், “மாமா, நீங்களும் பட்டறைக்கு வந்து ஒயரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்” என்று அழைத்தான்.

நாம் முதலில் சட்டத்தை எடுத்துச் சொன்னோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 111-ஆவது, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட்டோ தேடுவிளக்கோ வைத்தல் கூடாது என்கிறது. 106-ஆவது விதியோ, முன்விளக்கின் ஒளி எதிரே இருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யாதவாறு கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்கவேண்டும் எனக் கட்டளையிடுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மருமகன் சிரித்தான். “மாமா, இந்தச் சாலையில் பாதி வண்டிகளில் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை” என்றான். தமக்கையாரோ சிரிக்கவில்லை. “தம்பி, நீ சொல்லும் சட்டம் அந்த மலைத் திருப்பத்தில் என் பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கி விடுமா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை சொல்லும் துணிவு நமக்கு இல்லை. சட்டம் அறிந்தவர்களைவிட, இரவு மூன்று மணிக்குத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவருக்குப் பேசும் உரிமை மிகுதி அன்றோ! ஆகவே நாம் ஒரு நிபந்தனை மட்டுமே விதித்தோம். விளக்கைப் பொருத்திய பின் சாலையில் ஏற்றுமுன், பட்டறை முற்றத்தில் இருட்டிய பிறகு அதனை எரியவிட்டுப் பார்க்கவேண்டும். வண்டிக்குள்ளிருந்து மட்டுமன்று, வண்டிக்கு எதிரே நின்றும் பார்க்கவேண்டும். இருவரும் ஒப்புக்கொண்டனர்.

பட்டறைக்காரர் மராத்தியர், அறுபது வயதைக் கடந்தவர். இளைஞர் யாவரும் அவரைக் ‘காகா’ என்றே அழைப்பர். அவருடைய வேலையைக் காண்பது நமக்குப் பெரும் மகிழ்ச்சி அளித்தது. பலர் இவ்விளக்கைப் பம்பருக்கு முன்னே இரும்புக் குழாய்த் தடுப்பு ஒன்றை மாட்டி அதன்மேல் வைப்பர். காகா அதற்கு இசையவில்லை. அத்தகைய தடுப்புகள் பாதசாரிகளுக்கும் வண்டியில் உள்ளோருக்கும் தீங்கு விளைப்பவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதி நடவடிக்கை எடுக்கச் சொன்னதை அவர் நினைவில் வைத்திருந்தார். பம்பரின் கீழ்வாயில் காற்றுப் புகும் நீண்ட திறப்பு ஒன்றுண்டு. அதன் இரு ஓரங்களிலும் ‘எல்’ வடிவ இரும்புத் தாங்கிகளை வண்டியின் சட்டத்தோடு சேர்த்து முடுக்கி, அவற்றின்மேல் விளக்கை உட்கார வைத்தார். ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றை மறைக்காதபடி சற்றுக் கீழே இறக்கினார்; காற்று மறைந்தால் மலையேற்றத்தில் என்ஜின் சூடாகிவிடும். ஒவ்வொரு திருகுக்கும் ரப்பர் வளையமும், அதிர்வில் கழலாத நட்டும் இட்டார்.

பின்னர் மின்வேலை. பெட்டியின்மேல் 120 வாட் என்று எழுதியிருந்தது. வண்டி மின்கலம் 12 வோல்ட். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். இவ்வளவு மின்னோட்டத்தை டாஷ்போர்டிலுள்ள சிறு சுவிட்சின் வழியே விட்டால் அது நாளடைவில் கருகிவிடும். அதற்காகவே ரிலே என்னும் சிறு பெட்டி. சுவிட்சின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் சென்று ரிலேக்குள் இருக்கும் சுருளைக் காந்தமாக்கும். அக்காந்தம் உள்ளிருக்கும் தொடுமுனையை இழுத்து, மின்கலத்திலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்துக்கு வழிவிடும். ரிலேயின் நான்கு கால்களிலும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30-இல் மின்கலம், 87-இல் விளக்கு, 86-இல் சுவிட்ச், 85-இல் எர்த். காகா பள்ளிப் படிப்பு மிகுதியாகப் பெற்றவரல்லர். ஆனால் அவ்வெண்களை அவர் வாய்ப்பாடுபோல் சொன்னார்.

மின்கலத்துக்கு வெகு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்தார். “நடுவழியில் வைத்தால் என்ன?” என்று மருமகன் கேட்டான். மின்கலத்துக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை என்றும், அந்தக் கம்பி இரும்பில் உரசித் தோல் கிழிந்தால் தீப்பற்றும் வரை தடுப்பார் இல்லை என்றும், எனவே காவலற்ற கம்பி எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றும் நாம் விளக்கினோம். என்ஜின் அறையிலிருந்து உள்ளே செல்லும் துளையில் ரப்பர் வளையம் செருகி, அதன் வழியே கம்பியை நுழைத்தார். கம்பிகள் யாவும் நெளிகுழாய்க்குள் மறைந்தன. எர்த் கம்பியை மாட்டும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பைக் கண்ட பின்னரே திருகினார். வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குறை சொல்ல இடமில்லாத வேலை. ரயில் என்ஜின்களிடையே வாழ்ந்த நாம் அதனை மனமாரப் பாராட்டினோம்.

இருட்டியதும் தமக்கையார் வந்து சேர்ந்தார். புதுப் பொருள் எதையும் கற்பூரம் காட்டாமல் பயன்படுத்தும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை. எலுமிச்சம்பழமும் தேங்காயும் தட்டில் கற்பூரமும் கொண்டுவந்திருந்தார். தட்டைக் கையில் ஏந்தியவாறு பம்பருக்கு ஐந்தாறு அடி முன்னே நின்று, மகனை இறங்கி வரச் சொன்னார். உள்ளே இருந்த மகன், தாய்க்கு முதலில் காட்டவேண்டும் என்னும் ஆவலால் சுவிட்சை அழுத்தினான்.

முற்றம் முழுதும் வெண்மையாயிற்று. எதிர்ச்சுவரின் செங்கற்களை எண்ணிவிடலாம். பட்டறைப் பையன்கள் கைகொட்டினர். தமக்கையார் ஒரு கையால் தட்டைப் பற்றிக்கொண்டு மறு கையால் முந்தானையைக் கண்ணோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். காகா குரல் கொடுக்க, விளக்கு அணைந்தது. எனினும் தமக்கையார் நின்ற இடத்திலேயே நின்றார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவர் தட்டுக்கு வேறு பக்கமாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நாம் அருகே சென்று தட்டை வாங்கினோம்.

“தம்பி, கற்பூரம் எரிகிறதா?” என்று கேட்டார்.

“எரிகிறது, அக்கா.”

“எனக்குத் தெரியவில்லை” என்றார். சிறிது நேரம் கழித்து, மிகத் தாழ்ந்த குரலில், “அவருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்” என்றார்.

அங்கிருந்தவர்களுள் அச்சொல்லின் பொருள் விளங்கியவர் மூவரே. தமக்கையாரின் கணவர் 2011-ஆம் ஆண்டில் முர்பாட் சாலையில் இரவில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, விளக்கின்றி ஓரமாக நின்ற டிராக்டர் டிரெய்லரில் மோதி உயிர் நீத்தார். எதிரே வந்த லாரியொன்று எல்லா விளக்குகளையும் எரியவிட்டபடி சென்றதாகவும், அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வந்ததைத் தாம் கண்டதாகவும் அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர் பிற்பாடு சொன்னார். அந்த லாரி எதுவென்று யாருக்கும் தெரியாது. அதன் ஓட்டுநருக்குத் தம் பின்னால் என்ன நிகழ்ந்தது என்பதுகூடத் தெரிந்திராது. அவர் யாரையும் இடிக்கவில்லை. விதி மீறிய வேகத்தில் சென்றதாகவும் யாரும் சொல்லவில்லை. தமக்குப் பாதை நன்றாகத் தெரியவேண்டும் என்று விரும்பினார், அவ்வளவே. அவர் வீட்டிலும் ஒரு தாய் விழித்திருந்திருக்கக்கூடும்.

மருமகன் வண்டியிலிருந்து இறங்கித் தாயின் பக்கத்தில் வந்து நின்றான். ஒருவரும் பேசவில்லை. காகாதான் மௌனத்தைக் கலைத்தார். பக்கத்திலிருந்த ஒரு பழைய ஜீப்பில் பையனை ஏறி அமரச் சொன்னார். வண்டியின் விளக்கைத் தாமே எரியவிட்டு, “இப்போது ஜீப்புக்கு முன்னால் தரையில் என்ன வைத்திருக்கிறேன், சொல்” என்றார். தரையில் ஒரு பழைய டயர் கிடந்தது. பையனால் சொல்ல இயலவில்லை. விளக்கை அணைத்த பிறகும் சில விநாடிகள் சென்றே சொன்னான். அதன்பின் அவன் கணக்குப் போட்டான். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல். மூன்று விநாடிகள் கண் தெரியாவிடில் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். எதிரெதிரே அதே வேகத்தில் வரும் இரு வண்டிகள் மூன்று விநாடிகளில் 100 மீட்டர் நெருங்கிவிடும். எதிரே வருபவன் குருடனாகி நம்மை நோக்கித்தானே வருகிறான்! அவனுடைய கண்ணைக் கெடுத்து நம் உயிரைக் காக்க முடியாது என்பதைக் கணக்கே சொல்லிவிட்டது. இளையோரைவிட முதியோருக்குக் கண் தெளிய இன்னும் நேரமாகும் என்பதையும் நேயர்கள் நினைவில் கொள்க.

“கழற்றிவிடு” என்றார் தமக்கையார். மகன் மறுக்கவில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி நியாயமானது. “அப்படியானால் மலைப்பாதையில் நான் என்ன செய்வது?” என்றான். ‘பிறருக்குத் தீங்கு செய்யாதே’ என்று சொல்லிவிட்டு ஒருவனை இருட்டில் விட்டுவிடுதல் அறமன்று. அவன் தாயின் அச்சம் உண்மை. மலையின் முகிலும் உண்மை. அவற்றுக்கு விடை காணவேண்டியது எங்கள் கடமையாயிற்று.

அவ்விடை அந்தப் பம்பரிலேயே இருந்தது. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் எண்ணிறந்த நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் தன்மேல் படும் ஒளியைச் சிதறடிக்கிறது. அதில் ஒரு பகுதி ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஆகவே எவ்வளவு வலிய விளக்கை நேரே வீசுகிறோமோ அவ்வளவு வெள்ளைச் சுவர் ஒன்று முன்னே எழும். பனியில் ‘பிரைட்’ போட்டவர்கள் இதனை அறிவர். லைட் பாரும் அதே பிழையைப் பன்மடங்காகச் செய்வதே. பனிக்கு வேண்டுவது வலிமையன்று, இடமும் வடிவமும். விளக்கு தாழ்வாக இருக்கவேண்டும். ஒளி பக்கவாட்டில் அகன்று, மேலே கத்தியால் அறுத்ததுபோல் நின்று, தரையையும் சாலையோரக் கோட்டையும் மட்டும் காட்டவேண்டும். அப்போது கண்ணுக்கும் ஒளிக்கற்றைக்கும் இடையே உயர வேறுபாடு இருத்தலால், திரும்பிவரும் ஒளி குறையும். பனிவிளக்கு எனப்படுவது அதுவே. மஞ்சளாயிருந்தால் பனியைத் துளைக்கும் என்று பலர் நம்புகின்றனர். பனித்துளி ஒளியலையைவிடப் பன்மடங்கு பெரிதாதலால், அது எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும். நிறத்தைவிட, விளக்கு இருக்கும் இடமும் ஒளியின் வடிவமுமே முக்கியம்.

நம் வண்டியின் பம்பரில் அதற்கென இரு பக்கமும் குழிகள் இருந்தன, அவை மூடியிடப்பட்டிருந்தன. மறுநாள் வண்டி நிறுவனத்தாரின் விற்பனை நிலையத்தில், அவ்வண்டிக்கென்றே ஒப்புதல் பெற்ற பனிவிளக்குகள் இரண்டை வாங்கினோம். அவையும் எல்.இ.டி.யே. காகா பொருத்திய ரிலேயும் கம்பிகளும் சுவிட்சும் வீணாகவில்லை. இரு விளக்கும் சேர்ந்து 40 வாட். மின்னோட்டம் நான்கு ஆம்பியருக்கும் குறைவு. ஆகவே 15 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றி 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தார். விளக்கைச் சிறிதாக்கியவர் காவலையும் அதற்கேற்ப மாற்றவேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை.

அத்துடன் அவர் நிற்கவில்லை. முன்விளக்குகளைச் சோதித்தார். பிக்கப் வண்டியில் பின்னே சுமை ஏற்றினால் மூக்கு உயரும். வெறும் வண்டியில் சரியாக இருந்த ‘டிம்’ ஒளி, சுமையோடு எதிரே வருபவரின் முகத்துக்கு ஏறிவிடும். இதைத் தாழ்த்துவதற்கென்று பல வண்டிகளில் ஒரு சிறு திருகு சக்கரம் உண்டு. நம் வண்டியிலும் இருந்தது. வாங்கிய நாள் முதல் அதனை யாரும் தொட்டதில்லை. சமதளத்தில் சுவருக்கு எதிரே வண்டியைச் சுமையோடு நிறுத்தி, டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே நிற்கும்படி அவர் திருகிக் காட்டினார். முன் கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோல் படிந்திருந்த அழுக்கைத் துடைக்கச் செய்தார். தேய்ந்த வைப்பர் ரப்பரை மாற்றினார். பின்புற விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்து, சுமைப் பெட்டியின் பின்னே சிவப்பு எதிரொளிப்புப் பட்டையைப் புதிதாக ஒட்டினார். அதை ஒட்டும்போது தமக்கையார் அருகில் நின்று, ஓரம் மடங்காமல் தம் விரலால் அழுத்தி விட்டார். ஓரமாக நின்ற அந்த டிரெய்லரின் நினைவு அவருக்கு வந்திருக்கவேண்டும். நாம் கேட்கவில்லை.

இம்மாற்றங்களால் மால்சேஜின் முகில் கலைந்துவிடவில்லை. இன்றும் சில இரவுகளில் பிள்ளை வண்டியை ஒதுக்கி நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் சாலையோர வெள்ளைக் கோடு பத்துப் பதினைந்து மீட்டர் தெரிவதாகவும், அக்கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்க முடிவதாகவும் சொல்கிறான். விற்பனையாளரிடம் தாமதத்துக்கு ஏச்சு வாங்கும் நாளும் உண்டு. தக்காளி அரைமணி பிந்தினால் விலை இறங்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது அவனுடைய தாயின் தீர்ப்பு.

அந்தப் பட்டை விளக்கு என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். தாயின் சீட்டுப் பணத்தில் வாங்கிய பொருளை எறிந்துவிட மனம் வரவில்லை. நாராயண்காவ் பக்கம் அவன் சுமை ஏற்றும் தோட்டக்காரர் ஒருவரின் கொட்டகையில், இரவில் பெண்கள் தக்காளியைத் தரம் பிரிக்க வெளிச்சம் போதாதிருந்தது. வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கித் தரும் பெட்டியொன்றுடன் அதனைக் கொட்டகையின் உத்தரத்தில், தரையை நோக்கி, கண்ணில் படாதவாறு மாட்டிக் கொடுத்தான். பழுத்ததும் காயும் அழுகலும் இப்போது நன்றாகத் தெரிகின்றன என்று அப்பெண்கள் மகிழ்கின்றனர். ஒளியிலும் தீமை இல்லை, அறிவியலிலும் தீமை இல்லை. வைக்கும் இடத்தில் இருக்கிறது எல்லாம்.

வெளியூரில் வாழும் நமக்கு இச்செய்தி இன்னொரு வகையிலும் பொருந்தும். நாம் ஓடும் சாலை நமக்கு மட்டும் உரியதன்று. எதிரே வருபவர் மராத்தியராக இருக்கலாம், குஜராத்தியராக இருக்கலாம், பீகாரிலிருந்து வந்த லாரிக்காரராகவும் இருக்கலாம். அவருடைய மொழி நமக்குத் தெரியாமற்போகலாம். நம் பெயர் அவருக்குத் தெரியாது. இருளில் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடிய சொல் ஒன்றே ஒன்றுதான்: விளக்கைத் தாழ்த்துதல். எதிரே வண்டி தெரிந்ததும் நாம் ‘டிம்’ போடுகிறோம், அவரும் போடுகிறார். அறிமுகமற்ற இருவர் அரை விநாடியில் செய்துகொள்ளும் உடன்படிக்கை அது. அவர் தாழ்த்தாவிடினும் நாம் தாழ்த்தவேண்டும். கோபத்தில் நாமும் ஏற்றினால் குருடர் இருவர் எதிரெதிரே வருவதுதான் மிச்சம். அவ்வேளையில் அவருடைய ஒளியைப் பாராமல், நம் பக்கத்துச் சாலையோரக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதே தக்கது.

வண்டி வைத்திருக்கும் நம் இல்லத்தார் ஒவ்வொருவரும் ஒரு சிறு சோதனை செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம். இவ்வார இறுதியில், இருட்டிய பிறகு, வீட்டுப் பிள்ளையை வண்டிக்குள் உட்கார வைத்து விளக்குகளை எரியவிடச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் முப்பது நாற்பது அடி தள்ளி எதிரே நிற்கட்டும். பின்னர் இடம் மாறிக்கொள்ளுங்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. பிறர் கண்ணைக் கெடுத்த பிறகு செய்யும் வழிபாட்டுக்குப் பழமொழிகூட இல்லை. பனிவிளக்கு வேண்டுமெனில், வண்டிக்கு உரியதை, உரிய இடத்தில், உரிய ஃபியூஸோடு, கைதேர்ந்தவரைக் கொண்டு பொருத்துங்கள். விழித்திருக்கும் தாய்மாருக்காக இதனைச் செய்யுங்கள். நம் வீட்டில் விழித்திருப்பவருக்காக மட்டுமன்று.